ஒரே உடல்வாகு... ஆனால் சொந்தம் இல்லை! மண்ணுக்குள் வாழும் தவளைகளின் குடும்பக் கதை

மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் நிலம். கோடையின் முதல் பெருமழை ஒரு ராத்திரி கொட்டித் தீர்க்கிறது. கொஞ்ச நேரத்தில் ஏரிக்கரை, வாய்க்கால், சாலையோரப் பள்ளம் என்று எங்கே தண்ணீர் தேங்கியதோ அங்கெல்லாம் தவளைச் சத்தம். திருவண்ணாமலையை ஒட்டியிருக்கும் வேங்கிக்கால் மாதிரியான ஏரி ஊர்களில் இருப்பவர்களுக்கு இது வருஷா வருஷம் பழகிய கச்சேரி. நேற்றுவரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே, இத்தனை தவளை எங்கிருந்து வந்தது?

மழையோடு சேர்ந்து வானத்திலிருந்து விழுந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. உண்மையில் அவற்றில் பல, நம் காலுக்குக் கீழேயே இருந்தவை. வயல் மண்ணுக்குள், ஏரி உள்வாயின் ஈரத்துக்குள், தோட்டத்துப் பூமிக்குள் மழைக்காகக் காத்துக் கிடந்தவை.

அப்படி வெளியே வருபவற்றில் ஒன்று பலூன் தவளை. பேருக்கேற்ற உருவம். உருண்டு திரண்ட உடம்பு, அதில் ஒட்டவைத்ததுபோலச் சின்னத் தலை, குட்டைக் கால்கள், முதுகில் பளிங்குக் கல்லில் இருப்பதுபோலத் திட்டுத் திட்டாகக் கோலம். பயந்தால் காற்றை இழுத்து இன்னும் ஊதிக்கொள்ளும். பின்னங்கால் பாதத்தில் மண்வெட்டி முனைபோல ஒரு கெட்டியான மேடு உண்டு. அதை வைத்து, நின்ற இடத்திலேயே பின்பக்கமாக மண்ணைத் தள்ளித் தள்ளி இறங்கிவிடும். கடைசியில் மறைவது தலைதான். உள்ளே இருக்கும்போது எறும்பும் கரையானும் சாப்பாடு.

தமிழ்நாட்டின் சமவெளியில் இருக்கும் இந்தத் தவளைக்கு அச்சு அசலாக ஒரு ஜோடி, மேற்குத்தொடர்ச்சி மலையில் இருக்கிறது. அதே ஊதிய உடம்பு, சின்னத் தலை, குட்டைக் கால். அதுவும் பின்பக்கமாகத் தோண்டும். அதுவும் மண்ணுக்கடியில் கரையான் தின்னும். பார்த்தால் அண்ணன் தம்பி என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால், இந்த இரண்டின் வம்சமும் பிரிந்து 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மலைத் தவளையின் நிஜமான நெருங்கிய சொந்தம், நடுக்கடலில் சுமார் 2,800 கிலோமீட்டர் தள்ளி வேறொரு நாட்டில் இருக்கிறது!

இந்த உறவுமுறையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதைத் தெரிந்துகொள்வதால் யாருக்கு என்ன லாபம்? 

தவளை, தேரை, நுணல்

தவளைகளைத் தரம் பிரிக்கும் வேலை விஞ்ஞானிகள் வந்த பிறகு தொடங்கியதல்ல. தமிழில் தவளை, தேரை, சொறித்தவளை, நுணல் என்று பல பெயர்கள் புழங்கியிருக்கின்றன. மணலுக்குள் புதைந்து கிடக்கும் தவளையை 'நுணல்' என்றார்கள். சத்தம்போட்டுத் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுத்து மாட்டிக்கொள்ளும் என்று அதைப் பழமொழியில்கூடச் சேர்த்துவிட்டார்கள். மண்ணுக்குள் வாழும் தவளைகளுக்குத் தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு நம் முன்னோர்கள் கவனித்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 'தேரை' என்றால் ஒரு ஊரில் சொறித்தவளை, இன்னொரு ஊரில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளை. தேங்காய் உள்ளுக்குள் கெட்டுப்போனால் 'தேரை விழுந்த தேங்காய்' என்று பழியும் அதன் மேல்தான். ஒரே பெயரை இரண்டு ஊர்க்காரர்கள் இரண்டு உயிருக்குச் சொன்னால், எது எங்கே இருக்கிறது, எது குறைந்துவருகிறது என்று கணக்கெடுக்க முடியாது. அதற்காகத்தான் உலகம் முழுக்க ஒரே மாதிரி எழுதும் அறிவியல் பெயர்.

பலூன் தவளையின் அறிவியல் பெயர் உபெரோடான் சிஸ்டோமா. 'சிஸ்டோமா' என்ற பெயரை அதற்கு வைத்தவர் யோஹான் காட்லோப் ஷ்னைடர் என்ற ஜெர்மன்காரர். ஆண்டு 1799. தொழில்ரீதியாக அவர் கிரேக்க மொழிப் பண்டிதர், அகராதி தொகுத்தவர். நம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் சாதாரண சொறித்தவளைக்கும், ஏரித் தண்ணீரின் மேலேயே தத்தித் தத்தி ஓடும் தவளைக்கும் அதே 1799-ல் அறிவியல் பெயர் கொடுத்தவர் அவர்தான். 

அந்தக் காலத்தில் தரம் பிரிப்பது என்றால் கண்ணால் பார்ப்பதுதான். உடம்பு எப்படி, கால் எப்படி, விரலுக்கிடையே சவ்வு இருக்கிறதா, பல் இருக்கிறதா? ஒத்துப்போகிறவற்றை ஒரே கூடையில் போட்டார்கள். இன்றும் அடிப்படை முறை அதுதான். சிற்றினம் என்பது ஒரு ஆள் என்றால், பேரினம் ஒரு வீடு, குடும்பம் என்பது அந்த வீடுகள் எல்லாம் இருக்கும் தெரு. பலூன் தவளையின் வீடு உபெரோடான், தெரு, மைக்ரோஹைலிடே. இந்தத் தெரு ரொம்பப் பெரியது. உலகம் முழுக்க 700-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அதில் இருக்கின்றன.

மலையில் இருக்கும் அந்த இன்னொரு தவளைக்கு வருவோம். அதை எந்தத் தெருவில் குடிவைப்பது என்றுதான் விஞ்ஞானிகளுக்குத் தெரியவில்லை.

இடுக்கியில் கிடைத்த ஊதா அதிசயம்

2003 அக்டோபர். உலகப் புகழ்பெற்ற 'நேச்சர்' ஆய்விதழில் எஸ்.டி.பிஜு, ஃபிராங்கி போசைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், கட்டப்பனைப் பகுதியில் கிடைத்த ஒரு தவளையைப் பற்றியது அது. சுமார் 7 சென்டிமீட்டர் நீளம். கருஞ்சாம்பல் கலந்த ஊதா நிறம். கண் சின்னது. மூக்கு மட்டும் பன்றி மூக்குபோலக் கூராக நீட்டிக்கொண்டிருக்கும்.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் நாசிகாபட்ராக்கஸ் சஹ்யாட்ரென்சிஸ். பயந்துவிட வேண்டாம். 'நாசி' என்றால் மூக்கு என்பது நமக்குத் தெரியும். 'பட்ராக்கஸ்' கிரேக்கத்தில் தவளை. 'சஹ்யாத்ரி' மேற்குத்தொடர்ச்சி மலை. ஆக, சஹ்யாத்ரி மலையின் மூக்குத்தவளை!

புதுச் சிற்றினம் கண்டுபிடிப்பது அப்போதும் இப்போதும் அடிக்கடி நடப்பதுதான். இங்கே விஷயம் அதைவிடப் பெரிது. ஏற்கெனவே இருக்கும் எந்தக் குடும்பத்திலும் இந்தத் தவளை அடங்கவில்லை. அதற்காகவே நாசிகாபட்ராக்கிடே என்று ஒரு புதுக் குடும்பத்தை உருவாக்க வேண்டியிருந்தது. புதுத் தெருவே போட்டார்கள். அந்தத் தெருவில் அன்றைக்கு ஒரே ஒரு வீடு, வீட்டில் ஒரே ஒரு ஆள்.

இவ்வளவு பெரிய தவளை அத்தனை நாள் எப்படிக் கண்ணில் படவில்லை? வருடத்தின் பெரும்பகுதியை அது மண்ணுக்கடியிலேயே கழிக்கிறது. மழைக்காலம் தொடங்கும் சமயத்தில், இனப்பெருக்கத்துக்காக மட்டும் சில நாள்கள் மேலே வந்துவிட்டு மறுபடி இறங்கிவிடும். ஆண் தவளை கூப்பிடுவதுகூட மண்ணுக்குள் இருந்தபடிதான். கேரளத்தில் இதற்குப் பாதாளத் தவளை என்றும் மாவேலித் தவளை என்றும் பெயர்கள் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பாதாளத்திலிருந்து வந்துபோகும் மகாபலி மன்னனின் ஞாபகம்! 

இதில் இன்னொரு வேடிக்கை. இந்தத் தவளையின் தலைப்பிரட்டையைப் பற்றி நெல்சன் அன்னன்டேல் என்ற விலங்கியல் அறிஞர் 1918-லேயே எழுதிவிட்டார். காட்டாற்றுப் பாறையில் வாயை உறிஞ்சுகுழல்போல ஒட்டவைத்து, வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளை. ஆனால், அது எந்தத் தவளையின் பிள்ளை என்று அப்போது தெரியவில்லை. பிள்ளையைப் பதிவுசெய்து 85 ஆண்டுகள் கழித்துத்தான் தாய் தகப்பனுக்குப் பெயர் கிடைத்தது. 

அந்தக் காட்டாற்றோரப் பழங்குடி மக்களுக்கு இது எதுவும் புதுசு இல்லை. எந்த மழைக்கு அந்தத் தலைப்பிரட்டைகள் பாறையில் வரும் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

சுவடிப் பிழை சொல்லும் சேதி

சரி, பார்க்கப் பலூன் தவளை மாதிரியே இருக்கிறதே, அந்தத் தெருவிலேயே ஒரு வீடு கொடுத்திருக்கலாமே? ஷ்னைடர் காலத்து முறை மட்டும் கையில் இருந்திருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும். 2003-ல் மரபணுவும் கையில் இருந்தது.

மரபணுவை வைத்து உறவு கண்டுபிடிப்பதைப் புரிந்துகொள்ள, ஏட்டுச்சுவடிகளை நினைத்துக்கொண்டால் போதும். அச்சு வராத காலத்தில் ஒரு சுவடியைப் பார்த்து இன்னொன்று எழுதுவார்கள். எழுதும்போது ஒரு எழுத்து மாறிப்போகும், ஒரு சொல் விட்டுப்போகும். அடுத்து அதைப் பார்த்து எழுதுகிறவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுவார், தன் பங்குக்கு ஒன்றிரண்டு புதுப் பிழைகளும் செய்வார். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஊர்ச் சுவடிகளை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தது இந்தப் பாடபேதங்களுக்காகத்தான். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை என்று ஊகித்துவிடலாம். மேலட்டை எவ்வளவு வித்தியாசமாக இருந்தாலும் பரவாயில்லை.

உயிர்களின் மரபணுவும் இப்படித் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படும் சுவடிதான். ஒவ்வொரு முறையும் சின்னச் சின்ன எழுத்துப் பிழைகள் சேர்கின்றன. பல தவளைகளின் மரபணுவை வரிசையாக வைத்து, யாருடைய பிழை யாரோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் வம்சாவளி மரம் வரைந்துவிடலாம். புதைபடிவங்களின் வயதைத் துணைக்கு வைத்துக்கொண்டால், எந்தக் கிளை ஏறத்தாழ எப்போது பிரிந்தது என்றும் கணக்கிட முடியும்.

பிஜுவும் போசைட்டும் அப்படி ஒப்பிட்டபோது, பாதாளத் தவளையின் பிழைகள் மைக்ரோஹைலிடே குடும்பத்தோடு ஒத்துப்போகவில்லை. இந்தியாவில் இருக்கும் வேறு எந்தத் தவளையோடும் நெருக்கமாக ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போன இடம் செஷல்ஸ் தீவுகள்.

கடல் தாண்டிய பங்காளி

செஷல்ஸ், இந்தியப் பெருங்கடலில் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் குட்டி நாடு. தமிழர்கள் கணிசமாக வாழும் ஊர். தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில்கூட உண்டு. அங்கே சூக்ளோசிடே என்ற தவளைக் குடும்பம் இருக்கிறது. மொத்தமே நான்கு சிற்றினங்கள். அந்தத் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

பாதாளத் தவளையையும் செஷல்ஸ் தவளைகளையும் பக்கத்தில் வைத்தால், சொந்தம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். நான்கில் ஒன்றான கார்டினர் தவளை, வளர்ந்த பிறகும் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். விரல் நகத்தில் உட்கார்ந்துவிடும். அதற்கு நடுக்காது கிடையாது. வாய்க்குழியின் அதிர்வு வழியாகத்தான் சத்தம் கேட்கிறது என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையாக வெளியே வரும். அதே குடும்பத்தின் இன்னொரு தவளை, பிள்ளைகளை முதுகில் சுமந்து வளர்க்கும். இந்தப் பக்கம் பாதாளத் தவளையோ, காட்டாற்று வெள்ளத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விடும். முகம், அளவு, பிள்ளை வளர்ப்பு எதுவுமே ஒத்துப்போகவில்லை. சுவடிப் பிழைகள் மட்டும் ஒத்துப்போகின்றன.

தவளைக்குக் கடல் ஆகாது. அதன் தோல் தண்ணீரை உள்ளே விடும் மெல்லிய தோல். உப்புநீர் பட்டால் உடம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும். முட்டைக்கும் அதே கதி. அபூர்வமாக மிதக்கும் கட்டைகளில் தொற்றிக்கொண்டு சில தவளைகள் தீவு சேர்ந்ததுண்டு என்றாலும், இத்தனை பெரிய கடலை நீந்திக் கடக்க வழியே இல்லை. அப்படியென்றால் சொந்தக்காரர்கள் கடலின் இரண்டு கரையில் எப்படி?

நகர்ந்தது நிலம்! ஒருகாலத்தில் இந்தியா, மடகாஸ்கர், செஷல்ஸ், ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அன்டார்க்டிகா, தென் அமெரிக்கா எல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே பெருநிலமாக இருந்தன. அது உடைந்து துண்டு துண்டாக விலகத் தொடங்கியது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் கழன்றுகொண்டது. சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன், தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்த காலத்தை ஒட்டி, செஷல்ஸ் பிரிந்தது. இந்தியத் துண்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதி, இமயமலை எழும்பியது. 

அந்தக் கூட்டுக் குடும்பம் பிரிந்தபோது ஒரு வம்சம் செஷல்ஸ் பாறைகளோடு அங்கேயே தங்கிவிட்டது. இன்னொன்று இந்தியாவோடு பயணம் செய்து, இன்று நம் மலையின் மண்ணுக்குள் இருக்கிறது. இரண்டு வம்சமும் பிரிந்து சுமார் 13 கோடி ஆண்டுகள் இருக்கலாம் என்பது 2003 கட்டுரையின் கணக்கு. பிறகு வந்த சில கணக்குகள் அதைக் குறைத்தும் சொல்கின்றன. உறவில் மட்டும் சந்தேகம் இல்லை.

அப்படியென்றால் முகம் எப்படி ஒத்துப்போனது?

வேங்கிக்கால் வயலின் பலூன் தவளைக்கும் இடுக்கி மலையின் பாதாளத் தவளைக்கும் பொதுவானது ரத்தம் இல்லை; வேலை. மண்ணைத் தோண்டி வாழ வேண்டுமென்றால் நீண்ட கால் இடைஞ்சல், குட்டைக் கால் வசதி. காய்ந்த மண்ணுக்குள் ஈரத்தைக் காப்பாற்ற உருண்டை உடம்பு நல்லது. கரையானைப் பொறுக்கப் பெரிய வாய் வேண்டாம், சின்ன வாய் போதும். கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்த இரண்டு வம்சங்கள், ஒரே உடல்வாகுக்கு வந்து சேர்ந்துவிட்டன. குயவர் கை, கொல்லர் தோள் என்று தொழில் உடம்பில் ஏறுவதை நாம் ஒரே ஆயுளில் பார்க்கிறோம். அந்த மாற்றம் பிள்ளைக்குப் போகாது. இங்கே நடந்தது வேறு: எந்தத் தவளைக்குப் பிறப்பிலேயே தோண்ட வசதியான உடம்பு அமைந்ததோ அது தப்பித்துப் பிள்ளை பெற்றது, அந்த உடம்பு வம்சத்தில் நிலைத்தது.

இந்த இரண்டோடு முடியவில்லை. தென் ஆப்பிரிக்காவின் மழைத்தவளை, மெக்சிகோவின் தோண்டும் தேரை, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆமைத்தவளை ஆகியவையும் இதே உருண்டை உடம்பு, குட்டைக் கால் கட்சிதான். ஒவ்வொன்றும் வேறு வேறு குடும்பம். 

இதன் மறுபக்கமும் உண்டு. கொஞ்சமும் ஒத்துப்போகாத ஆள்கள் ஒரே வீட்டுக்காரர்களாக இருப்பார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையில் மரப்பொந்தில் தேங்கும் மழைநீரில் முட்டையிடும் சின்னத் தவளை ஒன்று இருக்கிறது. இதையும் இதன் கூட்டாளிகளையும் ராமனெல்லா என்ற தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு அந்தப் பேரினத்தையே கலைத்து, எல்லாவற்றையும் உபெரோடானுக்குள் சேர்த்துவிட்டார்கள். வயல் மண்ணைத் தோண்டும் நம் பலூன் தவளைக்கு, மலையில் மரம் ஏறும் பங்காளிகள் இருக்கிறார்கள் என்பது அப்படித்தான் தெரிந்தது.

நம்ம பக்கத்துக்கு ஒரு 'பூபதி'

பாதாளத் தவளையின் தெருவில் ஒரே ஒரு ஆள்தான் என்ற நிலை 2017-ல் மாறியது. மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், தமிழ்நாட்டின் ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் கிடைத்த மூக்குத்தவளை, கேரளத் தவளையிலிருந்து மரபணுவில் வேறுபடுகிறது என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள் இந்த ஆய்வில் முக்கியப் பங்கு வகித்தார்கள்.

ஒரே மலைதான், நடுவில் கடல் இல்லை. ஆனால், மேற்குச் சரிவுக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை. கிழக்குச் சரிவு அப்போது மழை மறைவுப் பகுதி. அதற்கு முக்கியமான மழை அக்டோபருக்கு மேல் வரும் வடகிழக்குப் பருவமழை. மழை வந்தால் மட்டுமே மேலே வந்து ஜோடி சேரும் தவளைக்கு, வேறு வேறு மழைக்காலம் என்பது பெரிய சுவர் மாதிரி. நடுவே மலை முகடும் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்து ஆளும் சந்தித்துக்கொள்ளாமலே தலைமுறைகள் ஓடினால், சுவடிகள் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

புதிய தவளைக்கு நாசிகாபட்ராக்கஸ் பூபதி என்று பெயர் வைத்தார்கள். கோயம்புத்தூர் ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தில் ஊர்வன, நீர்நில வாழ்வன பற்றி ஆய்வுசெய்த சுப்ரமணியம் பூபதியின் நினைவாக வைத்த பெயர் இது. 2014-ல் அகத்தியமலைப் பகுதியில் களப்பணியின்போது நடந்த விபத்தில் அவர் இறந்துபோனார். தமிழ் மண்ணில் காடு காடாக அலைந்த ஒருவரின் பெயர், தமிழ் மண்ணுக்கடியில் வாழும் ஒரு தவளையின் பெயராக அறிவியல் உலகில் நிலைத்துவிட்டது.

இந்தக் கிளை முறிந்தால்...

தவளையின் உறவுமுறை தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், பதில் இதுதான்: எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று முடிவுசெய்ய அது தேவை.

2023-ல் 'நேச்சர்' இதழில் வந்த உலகளாவிய மதிப்பீடு, 8,000-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வன சிற்றினங்களை ஆராய்ந்தது. அதில் சுமார் 41 சதவிகிதம் அழிவின் அச்சுறுத்தலில் இருக்கின்றன. பறவை, பாலூட்டி, ஊர்வனவற்றைவிட இது அதிகம். பணமும் ஆளும் குறைவாக இருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஓட முடியாது. 700 பேர் இருக்கும் தெருவில் ஒருவர் போனால் அது இழப்புதான். ஆனால், அந்தத் தெருவின் சுவடியைச் சொல்ல மற்றவர்கள் மிச்சமிருப்பார்கள். பாதாளத் தவளையின் தெருவே போய்விட்டால், கோண்ட்வானா காலத்திலிருந்து படியெடுத்து வந்த ஒரு முழுச் சுவடி போய்விடும். அதற்குப் பிரதி கிடையாது. இப்படித் தனித்து நிற்கும் வம்சங்களுக்கு முன்னுரிமை தருவதற்காகவே லண்டன் விலங்கியல் சங்கம் 'எட்ஜ்' என்ற திட்டத்தை நடத்துகிறது. 

பாதாளத் தவளைக்கு ஆபத்து எங்கிருந்து? அதன் தலைப்பிரட்டைக்குப் பாய்ந்து ஓடும் ஆறு வேண்டும். ஓடையைத் தடுத்துத் தேக்கினால், பாறையில் ஒட்டி வாழப் பழகிய பிள்ளைக்கு இடம் இல்லை. இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மட்டும் வெளியே வரும் தவளைகள், மலைச் சாலையில் வண்டிச் சக்கரத்தில் மாட்டுகின்றன. இடுக்கியில் சில இடங்களில் தலைப்பிரட்டைகளைப் பெருமளவில் பிடித்துச் சாப்பிடுவதும் அதற்கு நேரடி அச்சுறுத்தல் என்று 2015-ல் ஆய்வுக் கட்டுரை ஒன்று எச்சரித்தது. அந்த மக்களிடம் பேசி, அவர்களுக்குத் தெரிந்த ஓடைகளையும் நாள்களையும் வைத்தே பாதுகாப்பைத் திட்டமிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

நம் பலூன் தவளைக்கு இன்றைக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக இருக்கிறது. அதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. 'எங்கும் இருக்கிறது' என்று நினைத்த தவளைகளை நாம் எப்படி நடத்தினோம் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஏரிகளில் இருக்கும் பெரிய பச்சைத் தவளையின் கால்களை வெளிநாட்டு உணவகங்களுக்காக இந்தியா டன் கணக்கில் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஒரே ஆண்டில் 4,000 டன்னுக்கு மேல் போனது. வயல்களில் பூச்சி தின்னும் தவளைகள் குறைவதைப் பற்றிக் கவலை எழுந்த பிறகு, 1987-ல்தான் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. 

பலூன் தவளையைப் பிடித்து யாரும் ஏற்றுமதி செய்யப்போவதில்லை. அதன் பிரச்னை தரை. ஊர் வளர வளர வயல் மனையாகிறது, மனை வீடாகிறது, வீட்டைச் சுற்றிச் சிமென்ட் தளம் வருகிறது. பின்னங்காலில் இருக்கும் சின்ன மண்வெட்டி மண்ணைத் தோண்டும், கான்கிரீட்டைத் தோண்டாது. மழைக்குத் தேங்கும் பள்ளம் மூடப்பட்டால் முட்டையிட இடம் இல்லை. வேங்கிக்கால் மட்டும் இல்லை, மாவட்டத் தலைநகரை ஒட்டி வளரும் ஏரி ஊர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 

உங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தால்...

* மழை ராத்திரியில் ஏரிக்கரைச் சாலையில் வண்டியின் வேகத்தைக் குறையுங்கள். முதல் மழை நாளில் தவளைகள் சாலையைக் கடப்பது அதிகம்.

* வீட்டுக்குள் தவளை வந்தால் உப்பு போடாதீர்கள். கடல்நீர் ஏன் ஆகாதோ, அதே காரணத்தால் உப்பு அதன் தோலை வாட்டி, கொன்றுவிடும். முறத்திலோ அட்டையிலோ தள்ளி வெளியே விட்டால் போதும். தொட நேர்ந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* வீட்டைச் சுற்றி முழுக்கத் தளம் போடாமல், சுவரோரம் கொஞ்சம் வெறும் மண் விடுங்கள். மழைநீர் இறங்கவும் உதவும், தோண்டும் தவளைக்கும் உதவும்.

* பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். தவளையைப் பிடிக்காமல் போட்டோ எடுத்து, சத்தத்தைப் போனில் பதிவுசெய்து, தேதி, இடத்தோடு 'ஐநேச்சுரலிஸ்ட்' ஆப்பிலோ 'இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்' தளத்திலோ பதிவேற்றலாம். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

கடைசியாகச் சொன்னதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். யாருடையது என்று தெரியாமலே ஒரு தலைப்பிரட்டையைப் பதிவுசெய்து வைத்தார் ஒருவர். அதன் தாய் தகப்பனுக்குப் பெயர் கிடைக்க 85 ஆண்டுகள் ஆயின. இந்த மழையில் உங்கள் வீட்டுப் பிள்ளை எடுக்கும் போட்டோவுக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியிருக்காது.